இல்லாத பகைவர்கள்

1872ம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 17ம் நாள். லண்டன் மாநகரில் லாம்பெத் என்னும் பகுதி. இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. சீமான்கள் உறங்கினர், சிங்கார மாளிகைகள் உறங்கின. ஆனால், ஆலை உறங்குவதில்லை. ஆலையை நம்பி வாழ்பவனும் உறங்குவதற்கில்லை. குளிரிலே, அதிகாலை ஷிப்டுக்கு நடந்து கொண்டிருந்தார் ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளி. பீர் ஆலையொன்றில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. வயது 34. வீட்டிலே மனைவி எலிசா, ஆறு குழந்தைகள். ஏழாவது குழந்தை தாயின் வயிற்றிலே.

ஆலையை அவர் அடையவில்லை. பின்னாலிருந்து ஒருவர் துரத்தி வந்தார். துப்பாக்கி பலமுறை வெடித்தது. கழுத்திலே குண்டு பாய்ந்து வீதியிலே விழுந்தார் மெரெட். ஓடி வந்த போலீஸ்காரரிடம் சுட்டவர் எதிர்ப்பேதும் காட்டவில்லை. தாம் சுட்டதை மறுக்கவும் இல்லை. தம் அறைக்குள் புகுந்த ஒருவனைத்தான் துரத்தி வந்ததாகவும், ஆள் மாறிவிட்டதாகவும் அமைதியாகத் தெரிவித்தார்.

சுட்டவர் யார்? வழிப்பறிக்காரரா? இல்லை. பழைய பகையா? அதுவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் கண்டதே கிடையாது. சுட்டவர் ஒரு மருத்துவர், அமெரிக்க ராணுவத்தில் பணி புரிந்தவர், படிப்பாளி, பண்புள்ளவர் என்று பெயர் வாங்கியவர். வில்லியம் செஸ்டர் மைனர் என்பது அவர் பெயர். அவரை வாழ்நாளெல்லாம் விரட்டிய பகைவர்கள் ஒருவர்கூட உலகில் இருந்ததில்லை. அந்த இல்லாத பகைவர்களுக்கு அஞ்சித்தான் இருந்த ஒரு மனிதரைக் கொன்றார்.

இந்த வரலாற்றை நாம் இன்று எழுதுவது கொலைக் கதை சொல்லிக் கிளுகிளுப்பு ஊட்டுவதற்கல்ல. மைனரைப் பிடித்திருந்த நோய் குடிசைக்கும் வரும், கோபுரத்துக்கும் வரும். நம் தெருவிலும், நம் ஆலையிலும், ஏன், நம் வீட்டிலும் வரக்கூடியது. அது வந்திருப்பதை அடையாளம் காணத் தெரியாததால்தான் மெரெட் செத்தார்; மைனரும் வாழ்விழந்தார். அடையாளம் காணும் அறிவு உழைக்கும் மக்களுக்கு வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

மைனர் பிறந்தது எங்கே தெரியுமா? தமிழர்க்கு அறிமுகமான மண்ணுக்கு அருகிலேயேதான். 1834ம் ஆண்டு இலங்கைத் தீவில் பிறந்தார். அவர் தந்தை ஈஸ்ட்மன் மைனர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் நடத்திய அச்சகத்தின் பணிக்காகக் கடல் கடந்து வந்தவர். 1842ல், மானிப்பாய் அகராதி என்று மக்கள் அழைக்கும் தமிழ்ச் சொல்லகராதி அந்த மிஷன் அச்சகத்திலேதான் அச்சேறியது. அப்போது சிறுவன் வில்லியத்துக்கு வயது எட்டு. பின்னாளில் உலகின் மாபெரும் அகராதிக்குச் சொல் சுமந்த மனிதர், தமிழ் அகராதி அச்சான காலத்து அச்சுக்காரரின் மகன் என்பது நாம் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

இளமையிலேயே தாயை இழந்தார். 14 வயதில் அமெரிக்காவுக்கு, நியூ ஹேவன் நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். யேல் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்றார். படிப்புச் செலவுக்கு ஆசிரியர் வேலை பார்த்தார். 1864ல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியின் திருத்திய பதிப்பிலும் உதவியாளராகப் பணியாற்றினார். 1863ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலே அப்போது உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்க நின்ற தென்பகுதிக்கும், ஒன்றியத்தைக் காக்க நின்ற வடபகுதிக்கும் மூண்ட போர். மைனர் வடபகுதிப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார்.

போர் முடிந்தது. மைனரின் போர் அப்போதுதான் தொடங்கிற்று. நியூயார்க்கில் பணியிலிருந்தபோது நடத்தை மாறியது. இரவு நேரங்களில் விலைமாதர் வீதிகளில் திரியலானார். மேலதிகாரிகள் பார்த்தனர், ஒழுக்கக்கேடு என்று நினைத்தனரோ என்னவோ, 1867ல் தொலைதூரப் புளோரிடாவுக்கு மாற்றினர். இடம் மாறியது, நோய் மாறவில்லை. உடன் பணியாற்றிய அதிகாரிகள் தமக்கு எதிராகச் சதி செய்வதாக ஐயம் கொண்டார். 1868ல் வாஷிங்டனில் உள்ள அரசு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பதினெட்டு மாதம் இருந்தும் குணம் இல்லை. ஓய்வூதியம் கொடுத்து ராணுவம் அவரை விடுவித்தது.

வீடு திரும்பினார். வீட்டார் கண்டதென்ன? இரவில் யாரோ தம் அறைக்குள் நுழைந்து தம்மைத் துன்புறுத்துவதாகக் காலையிலே எழுந்து குற்றம் சாட்டுவார். கட்டிலுக்கு அடியில் ஆள் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார். பகலிலோ? படிப்பார், படம் வரைவார், விருந்தினரோடு அழகாக உரையாடுவார். பகல் மைனரைப் பார்த்தவர்கள் இரவு மைனரை மறந்தார்கள். மாற்றிடம் போனால் மனம் தெளியும் என்று நினைத்தார்கள். 1871ல் அவர் லண்டனுக்குக் கப்பலேறினார். கூடவே கைத்துப்பாக்கியும் போயிற்று.

லண்டனில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். இல்லாத பகைவர்களைப் பற்றி மைனர் ஒளித்து வைக்கவில்லை. போலீசின் தலைமை நிலையமான ஸ்காட்லாந்து யார்டுக்கே போய்ப் புகார் கொடுத்தார்: ஆட்கள் இரவில் தம் அறைக்குள் வருகிறார்கள், தமக்கு நஞ்சு வைக்கப் பார்க்கிறார்கள், அவர்கள் பீனியன்கள் என்று. கேட்ட அதிகாரிகள் இவர் மூளை கலங்கியவர் என்று முடிவு கட்டினார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கார அம்மையாரும் அவர் அச்சத்தை அறிந்திருந்தார். ராணுவம் அறியும், தம்பி அறிவார், போலீஸ் அறியும், வீட்டுக்காரி அறிவார். அத்தனை பேர் அறிந்திருந்த நோய்க்கு அறியாத ஒருவர் பலியானார். அந்த ஒருவர் வேலைக்குப் போன தொழிலாளி.

பீனியன்கள் யார்? அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய ரகசியச் சங்கத்தார். 1867ல் லண்டன் கிளார்க்கன்வெல் சிறைச் சுவரை அவர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது முதல் லண்டன் பத்திரிகைகளுக்கு அவர்கள் பெயரே பேச்சு. ஆக, மைனரின் மனம் பகைவனைக் கற்பித்துக் கொள்ளக் காலம் பெயர் கொடுத்தது. நோய் எப்போதும் அப்படித்தான். உள்ளே அச்சம் உருவாகிறது; அதற்கு உடை ஊரிலிருந்து வருகிறது. பேய் பேசப்படும் ஊரிலே பேய். ஒற்றர் பேசப்படும் நாட்டிலே ஒற்றர். வானொலி வந்தபின் வானொலி அலை. இன்றோ கைப்பேசியும் கண்காணிப்புக் காமிராவும். உடை மாறுகிறது, உள்ளிருக்கும் நோய் மாறுவதில்லை.

1872 ஏப்ரலில் வழக்கு விசாரணைக்கு வந்தது. சகோதரர் சாட்சி சொன்னார். ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி சாட்சி சொன்னார். சிறையில் மைனருக்குக் காவலிருந்தவரும் சாட்சி சொன்னார்: தன்னைத் துன்புறுத்தக் கூலி வாங்கியிருப்பதாகக் காலைதோறும் கைதி தன்மீது பழி போடுவார் என்று. மனநோயின் காரணமாகக் குற்றவாளியல்ல என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பின் வேர் இன்னொரு தொழிலாளியிடம் இருக்கிறது. 1843ல் கிளாஸ்கோ நகரத்து மரக் கடைசல் தொழிலாளி டேனியல் மெக்நாட்டன், டோரிக் கட்சியார் தம்மை ஊர் ஊராகத் துரத்துவதாக நம்பினார், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார், டிரம்மண்ட் இறந்தார். மனநோய் என்று நீதிமன்றம் அவரைத் தூக்கிலிருந்து விலக்கியது. எழுந்த கூச்சலிலே நீதிபதிகள் ஒரு விதியை வகுத்தனர்: தாம் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாதபடி நோயால் அறிவு கெட்டவருக்குக் குற்றப் பொறுப்பு இல்லை. அந்த விதியின் சாயல் 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ம் பிரிவாக வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ம் பிரிவாக நிற்கிறது. பைத்தியம் என்று சொல்லித் தப்பித்தான் என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். தப்பித்தல் எது? மைனருக்கு அந்தத் தீர்ப்பு கொடுத்தது 38 ஆண்டுக் காவல்!

பிராட்மூர் என்ற மனநோய்க் காவல் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். வன்முறையற்றவர், ஓய்வூதியம் உள்ளவர் என்பதால் வசதியான இடம் கிடைத்தது. புத்தகங்கள் வாங்கினார், சுவரெல்லாம் நூல்கள். கொலையுண்டவரின் மனைவி எலிசா மெரெட் அவரை வந்து பார்த்தார்; புத்தகங்கள்கூடக் கொண்டு வந்து கொடுத்தார். ஏழு குழந்தைகளோடு வறுமையில் தள்ளப்பட்ட அந்த ஏழைப் பெண், தன் தாலியறுத்தவரின் எதிரே போய் அமர்ந்து பேசினார் என்றால், அந்த உள்ளத்தை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது! நோய்க்கும் கொடுமைக்கும் உள்ள வேற்றுமையைப் பட்டம் பெற்ற பலர் அறியாதபோது, படிப்பில்லாத அந்தத் தொழிலாளர் வீட்டுப் பெண் அறிந்திருந்தார்.

அப்போதுதான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி உருவாகிக் கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, ஸ்காட்லாந்துத் தையற்காரர் ஒருவரின் மகன். 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றவர். தாமே கற்றுப் பன்மொழிப் புலவரானவர். 1879ல் பொறுப்பேற்றதும் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பழைய நூல்களைப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். பிராட்மூர் அறைக்கு அந்த வேண்டுகோள் எட்டியது.

மைனர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கண்டதையெல்லாம் எழுதி அனுப்பிக் குவிப்பவரல்ல அவர். ஒரு நூலைப் படிப்பார்; அதில் வரும் குறிப்பிடத்தக்க சொற்களை அகர வரிசையில், பக்க எண்ணோடு, சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு மடித்த தாளில் குறிப்பார். இப்படி நூலுக்கு நூல் பட்டியல். பின்னர் அகராதி அலுவலகத்துக்கு எழுதி, இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்பார். அவர்கள் சொல்லைச் சொன்னதும், தம் பட்டியல்களைப் புரட்டி, வேண்டிய சான்றுகளை வேண்டிய நேரத்தில் அனுப்புவார். பிசகில்லை, குழப்பமில்லை. இருபது ஆண்டுகள் இப்படி உழைத்தார். கடந்த நான்கு நூற்றாண்டுச் சொல் வரலாற்றை மைனர் அனுப்பிய சான்றுகளைக் கொண்டே எளிதில் விளக்கிவிடலாம் என்று மர்ரே 1899ல் பாராட்டினார்.

அகராதி ஆசிரியர் அவரைக் காண மருத்துவமனைக்கு வந்து, நிர்வாகியையே மைனர் என்று எண்ணிக் கைகுலுக்கினார் என்றொரு கதை உலவியதுண்டு. அது கட்டுக்கதை. மைனரின் நிலை மர்ரேக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தபின்னும் 1891 ஜனவரியில் தேடி வந்து பார்த்தார், நண்பரானார் என்பதே உண்மை. கட்டுக்கதையைவிட உண்மை பெரிது அல்லவா?

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. பகலிலே அகராதிக்குச் சீட்டு எழுதிய அதே மனிதர், இரவிலே என்ன செய்தார்? கதவுக்கு எதிரே நாற்காலியை அண்டை கொடுத்தார். தரைக்கு அடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். தரைக்குத் தகடு போடச் சொன்னார். இரவிலே யாரோ புகுந்து தம் புத்தகங்களைக் கெடுக்கிறார்கள் என்றார். மின்சாரத்தைத் தம் உடலில் பாய்ச்சுகிறார்கள் என்றார். காவலர்கள் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதினார்கள். ஆண்டுகள் பல கழிந்தும் அந்த நம்பிக்கை ஒரு நூலளவும் அசையவில்லை.

இதையே மருத்துவர்கள் மருட்சி என்கிறார்கள். அறிவில்லாமையால் வருவதல்ல இது. மைனரைவிட அறிவாளிகளை எங்கே தேடுவது? பொய் சொல்வதுமல்ல, நோயாளிக்கு அது கண்கண்ட உண்மை. தவறான கருத்து எல்லாமும் மருட்சியல்ல. தவறான கருத்து நம் எல்லோரிடமும் உண்டு. மாற்றுக் கட்சிக்காரர் கருத்து தவறு என்பதற்காக அவரை மேடையேறிப் பைத்தியம் என்று அழைக்கும் வழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும். நோயாளியையும் இழிவுபடுத்தி, வாதத்தையும் கெடுக்கும் பேச்சு அது.

அப்படியானால் மருட்சிக்கு அடையாளம் என்ன?

முதல் அடையாளம், எந்தச் சான்றும் அதை அசைக்காது. பூட்டிய அறைக்குள் ஆள் எப்படி வர முடியும் என்று கேட்டால், பூட்டை அவர்களே செய்தார்கள் என்பார். நாம் காட்டும் மறுப்பையே தமக்குச் சான்றாக்கிக் கொள்வார். இரண்டாவது, அவர் வாழும் கூட்டத்தில் வேறெவரும் அப்படி நம்புவதில்லை. ஊரே நம்பும் மூடப்பழக்கம் வேறு. ஊரில் ஒருவர் மட்டும் தமக்கென்று ஏந்தும் நம்பிக்கை வேறு. மூன்றாவது, அந்த நம்பிக்கை வாழ்க்கையைத் தன் பக்கம் இழுத்துக் கொள்கிறது. தூக்கம் போகிறது, வேலை போகிறது, சோற்றில் நஞ்சு என்று உணவு போகிறது, உற்றார் எல்லாம் சதிகாரர் ஆகிறார்கள்.

மருட்சி பல முகம் காட்டும். என்னைத் துரத்துகிறார்கள் என்பது ஒரு முகம். பத்திரிகையில் வருவதும், பக்கத்து வீட்டார் இருமுவதும் என்னைக் குறித்தே என்பது இன்னொரு முகம். நானே பெரும் பதவிக்கு உரியவன், என்னிடம் தனிச் சக்தி உண்டு என்பது மற்றொரு முகம். என் எண்ணத்தை வெளியிலிருந்து எவரோ புகுத்துகிறார், என் கை கால்களை எவரோ ஆட்டுகிறார் என்பதும் உண்டு. மனைவி மீது ஆதாரமின்றி ஐயம் கொண்டு கொடுமை செய்வதும் சில வேளைகளில் இந்த வகையே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளியை உண்மையாகவே பின்தொடர்பவர்கள் உண்டு. சங்கம் அமைத்தவன் பின்னால் ஒற்றர் வருவதுண்டு. கூலி கேட்டவனைப் பழி வாங்குவதுண்டு. ஆகவே என்னைத் துரத்துகிறார்கள் என்று ஒரு தோழர் சொன்னவுடனே நோய் என்று முத்திரை குத்திவிடக்கூடாது. முதலில் விசாரியுங்கள். உண்மையான பகைக்குக் காரணம் இருக்கும், சாட்சி இருக்கும், எல்லை இருக்கும். மருட்சிக்கு எல்லை கிடையாது. முதலாளியில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், பெற்ற தாய் வரையில் சதி விரிந்துகொண்டே போகும்.

சிந்தனைக் குலைவு என்று இன்னொன்று உண்டு. மருட்சியில் நம்பிக்கை பிறழ்கிறது. இதிலே சிந்தனையின் கோவையே அறுந்துபோகிறது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், சம்பளத்திலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து சந்திரனுக்கும் பேச்சு தாவும். இடையே தொடர்பு இராது. பேசிக்கொண்டிருக்கும்போதே, எண்ணத்தை யாரோ பிடுங்கியதுபோல் வாய் நின்றுவிடும். தாமே உண்டாக்கிய, எவருக்கும் புரியாத சொற்களை ஆள்வார். நோய் முற்றினால் சொற்கள் மட்டும் கொட்டும், பொருள் இராது. மைனரின் சீட்டுகளில் இந்தக் குலைவு இல்லை. அதனால்தான் அவரைக் கண்டவர்கள் ஏமாந்தார்கள். ஒழுங்காகப் பேசுகிறார், ஒழுங்காக எழுதுகிறார், இவருக்கு என்ன நோய் என்று கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒன்று மட்டும் வரலாம். பேச்சு தெளிவாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்பதே அவர் வாழ்க்கை தரும் பெரிய பாடம்.

மைனரின் முதுமை கொடியது. இரவிலே தம்மைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைதூரக் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் இழிசெயல்கள் செய்ய வைக்கிறார்கள் என்று நம்பினார். செய்யாத பாவத்துக்காக வெந்து வெந்து, 1902ல் தம் உடலுறுப்பொன்றைத் தாமே துண்டித்துக்கொண்டார். மற்றவரைக் கொன்ற நோய், கடைசியில் தம்மையே வெட்டச் செய்தது. மர்ரேயும் நண்பர்களும் அவரைத் தாய்நாட்டுக்கு அனுப்பும்படி வேண்டினர். 1910ல் உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவிட்டார். 40 ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த அதே வாஷிங்டன் மருத்துவமனைக்கு முதியவராகத் திரும்பினார். அங்கேதான் அவர் நோய்க்குப் பெயர் கிடைத்தது. அன்று அதை வேறு பெயரால் அழைத்தார்கள். இன்று அது மனச்சிதைவு நோய். 1920 மார்ச் 26ம் நாள், 85ம் வயதில் மைனர் மறைந்தார். 1915லேயே மர்ரே மறைந்துவிட்டார். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு அகராதி 1928ல் முற்றுப் பெற்றது. முடிந்த நூலை இருவருமே காணவில்லை.

மைனருக்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அவர் இறந்து 32 ஆண்டுகள் கழித்து, 1952ல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருட்சியின் பிடி தளர்வதைக் கண்டார்கள். அதன்பின் பல மருந்துகள் வந்துவிட்டன. எல்லோரும் முழுக் குணம் அடைகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், காலத்தோடு தொடங்கி, இடையில் நிறுத்தாமல் மருந்து எடுத்து, வீட்டாரின் ஆதரவும் இருந்தால் பலர் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். மைனருக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு இன்று மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

இந்த நோய் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓர் ஊராட்சிக்கு எத்தனை பேர், ஒரு பெரிய ஆலைக்கு எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். பெரும்பாலும் இளமையிலே, உழைக்கும் வயதிலே தொடங்குகிறது. பெற்றோர் வளர்ப்புக் குற்றமல்ல, செய்வினையல்ல, முற்பிறவிப் பாவமுமல்ல. பரம்பரையும், மூளையின் இயக்கமும், வாழ்வின் நெருக்கடிகளும் கூடி வருவது. கஞ்சா அதைத் தூண்டிவிடவும் கூடும். மைனரின் கதையைக் கேட்டு இந்த நோயாளிகள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று அஞ்சிவிடவும் வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தொடுவதில்லை. பிறரிடம் அடிபடுபவர்களே அவர்களில் அதிகம்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு தோழர் சில வாரங்களாக ஒதுங்கிப் போகிறார், தூங்குவதில்லை, குளிப்பதில்லை, தனியே பேசுகிறார், எல்லோரையும் ஐயுறுகிறார். கேலி செய்யாதீர்கள். அவரோடு அமர்ந்து கேளுங்கள். அவர் நம்பிக்கையை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். வெல்ல முடியாது, நட்புதான் முறியும். ஆமாம் போட்டு நெருப்புக்கு எண்ணெய் வார்க்கவும் வேண்டாம். நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் அஞ்சித் துன்பப்படுவது எனக்குத் தெரிகிறது என்று சொல்லுங்கள். தூக்கத்துக்காகவாவது மருத்துவரைப் பார்ப்போம் என்று உடன் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்றோ, இன்னாரை ஒழிக்க வேண்டும் என்றோ பேசினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஆயுதமாகக் கூடியவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். காய்ச்சலோடு, அல்லது தலையில் அடிபட்டபின், அல்லது குடியை நிறுத்திய இரண்டொரு நாளில் திடீரென்று பிதற்றினால் அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய உடல் ஆபத்து. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது.

சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது; அதை ஊர் ஊராகக் கொண்டு போவது நம் பொறுப்பு.

அகராதியின் புகழ் பேசுபவர்கள் மைனரை நினைக்கிறார்கள். நினைக்கட்டும், அவர் உழைப்பு அத்தகையது. நாமோ, கரி படிந்த கையோடு வேலைக்குப் போய்த் திரும்பாத ஜார்ஜ் மெரெட்டையும் சேர்த்தே நினைக்கிறோம். லண்டனில் ஒரே ஒருவர், மைனர் புகார் சொன்ன அன்று, இது நோய் என்று கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தால் அந்தத் தொழிலாளி வீடு திரும்பியிருப்பார். அழைத்துப் போக அன்று யாரும் முன்வரவில்லை. நம் தெருவில் இன்று அப்படி ஒரு குரல் எழுந்தால், அந்த ஒருவராக நாம் இருக்க வேண்டும்.